‘வரலாற்றில் இன்று’ மேசை காலண்டர்: வாங்கலாம், ஆனால் நம்ம ஊர்த் தேதிகள் இதில் இல்லை

தருமபுரி பேருந்து நிலையம் பக்கம் ஒரு ஸ்டேஷனரி கடையில் 320 ரூபாய்க்கு வாங்கிய ‘வரலாற்றில் இன்று’ மேசை காலண்டர் பற்றித்தான் எழுதுகிறேன். ராகு காலம், நல்ல நேரம், சந்திராஷ்டமம் எதுவும் கிடையாது. கிழமையும் போடவில்லை, மாதமும் தேதியும் மட்டும்தான், அதனால் எந்த வருடத்துக்கும் ஆகும், கிழிக்காமல் புரட்டிவிட்டால் போதும். பிப்ரவரி 29க்கும் தனித்தாள் போட்டு, அன்று பிறந்த மொரார்ஜி தேசாயையும் (1896) ருக்மிணி தேவி அருண்டேலையும் (1904) சேர்த்திருக்கிறார்கள். தாள் நல்ல கனம், பேனா மை பின்னால் ஊறவில்லை. சுருள் கம்பி கொஞ்சம் லொடலொடவென்று இருக்கிறது, அதைப் பெரிய குறையாகச் சொல்ல மாட்டேன்.

இதன் பெரிய பலம், ஒரு தேதிக்குக் கீழே இருபது செய்தியைக் கொட்டாமல் நாலைந்தை மட்டும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது. செப்டம்பர் 11 தாளைப் பாருங்கள். 1893இல் சிகாகோவில் விவேகானந்தர் மதவெறியைக் கண்டித்துப் பேசிய நாள், 1906இல் ஜோகன்னஸ்பர்க்கில் காந்தி கூட்டிய கூட்டத்தில் சத்தியாகிரகத்துக்கு வித்து விழுந்த நாள், 1957இல் பரமக்குடியில் இமானுவேல் சேகரன் வெட்டிக் கொல்லப்பட்ட நாள், 2001இல் நியூயார்க்கில் கோபுரங்கள் விழுந்த நாள். பாரதி நினைவு நாளையும் சேர்த்துவிட்டு, அவர் உயிர் பிரிந்தது நள்ளிரவு தாண்டி என்பதால் 12 என்றும் சொல்வார்கள் என்று ஒரு வரி போட்டிருக்கிறார்கள் பாருங்கள், அந்த அக்கறை எனக்கு ரொம்பப் பிடித்தது. ஜூலை 4ம் அப்படித்தான்: அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தின் 50ஆம் ஆண்டு நிறைவன்று, 1826இல், அதில் கையெழுத்திட்ட ஆடம்ஸும் ஜெபர்சனும் ஒரே நாளில் இறந்தார்கள். வீட்டில் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டினால் இரண்டாவது தடவை சொல்லச் சொல்லிக் கேட்கிறார்கள்.

ஏப்ரல் 23 தாளில் ஒரு பிழை இருக்கிறது. ஷேக்ஸ்பியரும் ஸ்பானிய எழுத்தாளர் செர்வாண்டிசும் 1616இல் ஒரே நாளில் மறைந்தார்கள் என்று அச்சாகியிருக்கிறது. ஸ்பெயின் அப்போதே கிரிகோரியன் நாட்காட்டிக்கு மாறிவிட்டது, இங்கிலாந்து பழைய ஜூலியன் கணக்கிலேயே இருந்தது, இரண்டுக்கும் நடுவே 10 நாள் வித்தியாசம், அதனால் தாளில் தேதி ஒன்றானாலும் உண்மையில் அது ஒரே நாள் இல்லை. தேதிகளுக்காகவே ஒரு காலண்டர் போடுகிறவர்கள் இதைக் கவனித்திருக்க வேண்டும்.

என் மனத்தாங்கல் வேறு. அக்டோபர் 2 தாளில் காந்தி, லால் பகதூர் சாஸ்திரி பிறந்ததும் காமராஜர் மறைந்ததும் (1975) இருக்கின்றன, 1965இல் அதே நாளில்தான் சேலத்திலிருந்து பிரித்துத் தருமபுரி மாவட்டம் உருவானது என்பது இல்லை. சரி, மாவட்டச் செய்தி, விட்டுவிடலாம். ஆனால் ஜூலை 23? திலகர் பிறந்த நாள் (1856), சந்திரசேகர ஆசாத் பிறந்த நாள் (1906) என்று போட்டவர்கள், திலகர் வழியில் நின்று சிறை போய், அங்கே தொழுநோய் வாங்கி, ரயிலில் ஏறத் தடை வந்தபோதும் நடந்தே ஊர் ஊராகப் பேசிய சுப்பிரமணிய சிவா 1925இல் இதே ஜூலை 23 அன்று நம் பாப்பாரப்பட்டியில் இறந்ததை எப்படி விட்டார்கள்? பாரதமாதாவுக்குக் கோயில் கட்ட வேண்டும் என்று சித்தரஞ்சன் தாஸை அங்கே அழைத்துவந்து அடிக்கல் நாட்ட வைத்த மனிதர் அவர். திலகரையும் சிவாவையும் ஒரே தாளில் வைப்பதற்காகவே அமைந்த தேதி அது.

அதைவிட வலித்தது செப்டம்பர் 29. தாளில் ஐரோப்பாவின் செர்ன் அணு ஆய்வகம் தொடங்கியது (1954), இயற்பியலாளர் என்ரிகோ பெர்மி பிறந்தது (1901), உலக இதய நாள், அவ்வளவுதான். அரூர்ப் பக்கம் வாச்சாத்தியில் 1992 ஜூன் 20 அன்று சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் புகுந்து மலைவாழ் மக்களை அடித்து, வீடுகளை நாசமாக்கி, 18 பெண்களை வன்கொடுமை செய்தார்கள். அந்த வழக்கில் குற்றம் சாட்டப்பட்ட 269 பேருமே குற்றவாளிகள் என்று தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது 2011 செப்டம்பர் 29. அதற்குள் 54 பேர் செத்தே போயிருந்தார்கள். மேல்முறையீடுகளை எல்லாம் தள்ளுபடி செய்து, அந்தப் பெண்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2023 செப்டம்பர் 29. இரண்டு தீர்ப்பும் ஒரே தேதி, நடுவில் 12 வருடம்! ஒரே நாளில் நடந்தவற்றைக் கோக்கிற காலண்டருக்கு இதைவிட வேறு என்ன வேண்டும் என்று தெரியவில்லை. பிப்ரவரி 2ம் இப்படித்தான், ஈரநிலங்கள் நாள் இருக்கிறது, 2000இல் இலக்கியம்பட்டியில் பேருந்தோடு எரிக்கப்பட்ட மூன்று மாணவிகள் இல்லை.

தாளின் பின்பக்கம் எழுதுவதற்கு வெறுமையாக விட்டிருப்பதால் இவற்றையெல்லாம் நானே எழுதி வைத்துக்கொண்டேன். அப்புறம், பள்ளிக்கு வாங்குகிற ஆசிரியர்களும் அந்தப் பக்கத்தைப் பயன்படுத்தலாம், கிருஷ்ணகிரிக்காரர்கள் பிப்ரவரி 9 (2004இல் மாவட்டம் பிரிந்தது), டிசம்பர் 10 (தொரப்பள்ளியில் ராஜாஜி பிறந்தது) இரண்டிலிருந்து தொடங்கட்டும். ஐந்துக்கு மூன்றரை கொடுக்கிறேன். அடுத்த அச்சில் செப்டம்பர் 29 தாளை மாற்றினால் இன்னொன்று வாங்கி அரூரில் இருக்கும் அக்கா மகளுக்குக் கொடுப்பேன்.