வெள்ளை புல் டெரியர் குட்டி வாங்கப் போகிறீர்களா? முதலில் காதைப் பாருங்கள்

மார்ச் மாதம் சிங்கப்பூரின் ஈசூனில் ஒரு வீட்டில் 3,800 வெள்ளி கொடுத்து ஒன்பது வார புல் டெரியர் நாய்க்குட்டி ஒன்றை வாங்கினோம். முழு வெள்ளை. அதற்கு இரண்டு காதும் கேட்காது. விற்றவருக்கு அது நன்றாகத் தெரியும்.

நாங்கள் சிலேத்தார் பக்கம் மாமனாரின் தரைவீட்டில் இருக்கிறோம். பிள்ளைகள் மூன்று வருடமாக நாய் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மூத்தவனுக்கு அந்த முட்டை போன்ற தலையும் சின்ன முக்கோணக் கண்ணும் அவ்வளவு பிடிக்கும். புல் டெரியர் என்றாலே பலர் பயப்படுகிறார்கள். ஆனால் வீட்டு ஆட்களை விட்டு நகராத இனம் அது. அதிக நேரம் தனியாக விட்டால்தான் சோபாவைக் கடித்துக் குதறும், வாலைத் துரத்திச் சுற்றும். இதையெல்லாம் படித்துத் தெரிந்துகொண்டுதான் இறங்கினோம். காதைப் பற்றி மட்டும் யாரும் சொல்லவில்லை, எனக்கும் தேடத் தோன்றவில்லை.

டெலிகிராமில் கிடைத்த ஆள் அவர். தமிழில் பேசினார், என்னைத் தங்கச்சி என்றார், அத்தையிடம் எந்த ஊர் என்று விசாரித்தார். நம்மாள்தானே என்று நம்பிவிட்டோம். வீட்டில் மூன்று குட்டிகள் இருந்தன. தாய் நாய் இல்லை, அண்ணன் வீட்டில் இருப்பதாகச் சொன்னார்.

அன்று பார்த்ததைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் ஏமாற்று அங்கேதான் நடந்தது. அவர் சமையலறை வாசலில் நின்று விசில் அடித்தார். மூன்றும் ஓடி வந்தன. எங்கள் பஞ்சு மூன்றாவதாக வந்தான். அப்புறம் அவனை மட்டும் தனியாக விட்டு, "பாருங்க தங்கச்சி, எவ்வளவு சுட்டி" என்று உள்ளங்கையால் தரையில் பட் பட்டென்று தட்டினார். உடனே திரும்பினான். மற்ற இரண்டையும் கூப்பிடும்போது அவர் ஒரு தடவைகூடத் தரையைத் தட்டவில்லை. வீட்டுக்கு வந்து யோசித்தபோதுதான் அது உறைத்தது. காது கேட்காத குட்டி கூடப்பிறந்தவை ஓடுவதைப் பார்த்து ஓடும், தரை அதிர்வதை உணர்ந்து திரும்பும். விசிலுக்கு அவன் ஓடி வரவில்லை, மற்ற இரண்டின் பின்னால் ஓடி வந்திருக்கிறான்.

நான்காம் நாள் அத்தை சாம்பாருக்குப் பருப்பு வைத்திருந்தார். குக்கர் மூன்று விசில் அடித்தது. பஞ்சு அடுப்படிக்குப் பக்கத்திலேயே படுத்திருந்தான், ஒரு முடிகூட அசையவில்லை. "என்னம்மா, இது செவிடா?" என்றார் அத்தை. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அவன் விழித்த பிறகு, வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தபோது, பின்னால் நின்று சாவிக்கொத்தை ஆட்டினேன். காது மடல் திரும்பவே இல்லை. குனிந்து முதுகில் தொட்டதும் தூக்கிவாரிப்போட்டுத் திரும்பினான்.

மருத்துவரும் அவன் கண்ணில் படாமல் பின்னாலிருந்து பல ஒலிகளை எழுப்பிப் பார்த்துவிட்டு, இரண்டு காதுமே கேட்பதாகத் தெரியவில்லை என்றார். காரணத்தையும் விளக்கினார். தோலுக்கு நிறம் தரும் செல்கள் உட்காதிலும் இருக்க வேண்டும். வெள்ளைக் குட்டிகள் சிலவற்றில் அவை அங்கே இருப்பதில்லை. அதனால் பிறந்த முதல் சில வாரங்களிலேயே ஒலியை உணரும் செல்கள் செத்துவிடுகின்றன. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் பர்மிங்ஹாமில் ஜேம்ஸ் ஹிங்க்ஸ் இந்த இனத்தை உருவாக்கியபோது வெள்ளை நிறத்துக்காகவே தேர்ந்தெடுத்து வளர்த்தார். வெள்ளை புல் டெரியர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றுக்கு ஒரு காதாவது கேட்காது. வேறு நிறம் உள்ளவற்றில் இது மிகக் குறைவு. ஒரு காது மட்டும் கேட்காவிட்டால் வீட்டில் கண்டுபிடிப்பது மிகவும் கடினம். ஒலிக்கு மூளை தரும் மின்துடிப்பை அளக்கும் 'பேர்' (BAER) சோதனைதான் உறுதியாகச் சொல்லும். குட்டிக்கு ஐந்தாறு வாரம் ஆனாலே அதைச் செய்யலாம்.

விற்றவர் "டாக்டர் செக் பண்ணிய பேப்பர்" என்று கொடுத்தது வெறும் தடுப்பூசி அட்டை. காதைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை.

அவரைக் கூப்பிட்டேன். "டெரியர் பிடிவாதம் பிடிக்கும் தங்கச்சி, காது கேட்டும் கேட்காத மாதிரி இருக்கும்" என்றார். மருத்துவர் சொன்னதைச் சொன்னதும் குரல் மாறியது. "சரி, கொண்டு வாங்க, வேற குட்டி மாத்தித் தரேன்." இதுதான் என்னை உலுக்கியது. பஞ்சுவை வாங்கிக்கொண்டு இன்னொரு குடும்பத்துக்கு முன்னால் தரையைத் தட்டுவார். அல்லது அவனை என்ன செய்வார் என்று நினைக்கவே பயமாக இருந்தது. முடியாது, பாதிப் பணத்தையாவது திருப்பிக் கொடுங்கள் என்றேன். அன்று இரவே என்னை பிளாக் செய்துவிட்டார்.

உரிமம் எடுக்கப் போனபோது அடுத்த இடி. சாதாரண லைசென்ஸ் போதும் என்று சொல்லியிருந்தார். புல் டெரியர் இங்கே சட்டத்தில் தனிப் பட்டியலில் உள்ள இனம். வெளியே கொண்டுபோனால் கழுத்துவாரில் கயிறும் வாய்ப்பூட்டும் கட்டாயம், அதோடு காப்பீடு உட்பட இன்னும் சில நிபந்தனைகள். வீவக (அரசு அடுக்குமாடி) வீடுகளில் அனுமதிக்கப்பட்ட சிறிய இன நாய் ஒன்றைத்தான் வைத்திருக்கலாம், அந்தப் பட்டியலில் புல் டெரியர் கிடையாது. அவர் மூன்று குட்டிகளை வைத்து விற்றதே ஒரு வீவக வீட்டில்தான். வாசலிலேயே எனக்கு அது தெரிந்திருக்க வேண்டும். தேசியப் பூங்காக் கழகத்தின் விலங்குநல மருத்துவச் சேவை உரிமம் இல்லாமல் குட்டிகளை வியாபாரமாக விற்கவும் கூடாது.

சிறு உரிமைகோரல் மன்றத்தில் 20,000 வெள்ளி வரை கோரலாம். ஆனால் யார் மேல் கோருவது? பணம் அனுப்பிய பேநவ் (கைப்பேசிவழிப் பணம் அனுப்பும் சேவை) காட்டியது ஒரு செல்லப்பெயர். ரசீது கிடையாது. திரும்பப் போய்ப் பார்த்தால், வாடகைக்கு இருந்தவர்கள் காலி செய்துவிட்டார்கள் என்று பக்கத்து வீட்டு மலாய் அம்மா சொன்னார். போலிசிலும் விலங்குநல மருத்துவச் சேவையிலும் புகார் கொடுத்திருக்கிறேன்.

யாராவது வாங்கப் போகிறீர்கள் என்றால், குட்டியைத் தனி அறையில் பார்க்கக் கேளுங்கள். அது உங்களைப் பார்க்காத நேரத்தில், தரை அதிராமல், கையால் காற்று வீசாமல் சத்தம் எழுப்புங்கள். தாய் நாயைப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். பேர் சோதனை செய்தார்களா என்று கேளுங்கள். இல்லை என்றால், இல்லை என்பதை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள். எழுதித் தர மறுத்தால் அங்கேயே திரும்பி வந்துவிடுங்கள். இந்த இனத்துக்குச் சிறுநீரக நோயும் பரம்பரையாக வரும், பெற்றோருக்குச் சோதனை செய்த தாளையும் சேர்த்துக் கேளுங்கள்.

பஞ்சு எங்களோடுதான் இருக்கிறான். கட்டைவிரலை உயர்த்தினால் 'நல்ல பையன்', உள்ளங்கையைக் கீழே காட்டினால் 'உட்கார்' என்று கற்றுக்கொண்டான். இருட்டில் கூப்பிட வாசல் விளக்கை இரண்டு முறை அணைத்துப் போடுகிறோம். தூங்கும்போது யாரும் திடீரென்று தொடுவதில்லை. மூக்கருகே கையை நீட்டுவோம், வாசனை பிடித்து அவனே கண் திறப்பான். வெள்ளைத் தோல் வெயிலில் சிவந்துவிடுகிறது, அதனால் காலை ஏழு மணிக்குள் நடைபயிற்சி முடிந்துவிடும். பிள்ளைகளை அவன் கண்ணால் தேடுவதைப் பார்த்தால், திருப்பிக் கொடுக்காதது எவ்வளவு சரி என்று ஒவ்வொரு நாளும் தோன்றுகிறது.

அந்த வீட்டில் இன்னொரு வெள்ளைக் குட்டியும் இருந்தது. பெண், இடது கண்ணைச் சுற்றி மட்டும் கறுப்புத் திட்டு. மார்ச் கடைசியில் யாரோ வாங்கியிருப்பார்கள். நீங்கள்தான் அவர் என்றால், அவள் பின்னால் நின்று சாவியை ஒரு முறை ஆட்டிப் பாருங்கள். திரும்பினாலும் மருத்துவரிடம் காட்டுங்கள், ஒரு காது மட்டும் கேட்காமல் இருக்கலாம். எனக்கு எழுதுங்கள், இரண்டு வீட்டுப் புகாரையும் சேர்த்துக் கொடுப்போம்.