நல்லெண்ணெயா, தேங்காய் எண்ணெயா, எம்.சி.டி. எண்ணெயா: நாயின் கணையத்துக்கு எது பாரம்?

கறி விருந்துக்கு மறுநாள் பக்கத்து வீட்டு நாய் முன்னங்கால்களைத் தரையில் நீட்டி, பின்பக்கத்தை மட்டும் தூக்கியபடி நின்றது. வயிற்றுவலி கண்ட நாய் நிற்கும் கோலம் அது. இலையில் ஒதுக்கிய ஆட்டுக்கொழுப்பு முழுவதும் அதன் தட்டுக்குப் போயிருந்தது. கணைய அழற்சி என்று சொன்ன மருத்துவர், கொழுப்பு குறைந்த உணவு கொடுக்கச் சொன்னார். "தேங்காய் எண்ணெய் லேசுதானே, அது கொஞ்சம் சேர்க்கலாமா?" என்று அந்த வீட்டு அம்மா என்னிடம் கேட்டார்.

தட்டில் இருக்கும் எண்ணெயைக் கணையம் நேரடியாக அறிவதில்லை. முன்சிறுகுடலின் உட்சுவரில் உள்ள சில செல்கள்தான் கொழுப்பு அமிலத்தை உணர்ந்து, கொலிசிஸ்டோகைனின் என்ற ஹார்மோனை ரத்தத்தில் விடுகின்றன. 1928-இல் ஐவி, ஓல்ட்பெர்க் என்ற ஆய்வாளர்கள் இதைக் கண்டபோது, பித்தப்பையைச் சுருக்குவது மட்டுமே இதன் வேலை என்று தோன்றியது. கணைய நொதிகளை வெளியேற்றுவதும் இதுவே என்பது பின்னால்தான் தெளிவானது. உடைபடாத எண்ணெயை இந்தச் செல்கள் பொருட்படுத்துவதில்லை. லைபேஸ் நொதி அதை உடைத்துக் கொழுப்பு அமிலமாக்கிய பிறகே மணி அடிக்கிறது.

எல்லா அமிலத்துக்கும் ஒரே அளவில் அடிப்பதுமில்லை. அமிலத்தின் கார்பன் சங்கிலி எவ்வளவு நீளம் என்பது முக்கியம். மனிதர்களிடம் செய்த சோதனையில் 12 கார்பனும் அதற்கு மேலும் உள்ள அமிலங்களே இந்த ஹார்மோனை நன்றாகத் தூண்டின. நல்லெண்ணெயில் பெரும்பகுதி ஒலியிக், லினோலெயிக் அமிலங்கள். இரண்டுக்கும் 18 கார்பன் என்பதால் கணையத்தை முழுமூச்சாக உழைக்க வைக்கும். ஆட்டுக்கொழுப்பும் பெரும்பாலும் 16, 18 கார்பன்தான். எம்.சி.டி. எண்ணெய், அதாவது நடுத்தர நீளச் சங்கிலி அமிலங்களால் ஆன எண்ணெய், எதிர்முனையில் இருக்கிறது. அதிலுள்ள 8, 10 கார்பன் அமிலங்கள் குடலிலிருந்து நேரே கல்லீரலுக்குப் போய்விடும், கணையத்தை அவ்வளவாகத் தொந்தரவு செய்யாது. ஆனால் உடலுக்குக் கட்டாயம் வேண்டிய லினோலெயிக் அமிலம் அதில் இல்லை.

தேங்காய் எண்ணெயை எம்.சி.டி.யின் தம்பி என்று விற்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அதில் ஏறக்குறைய பாதி லாரிக் அமிலம், அதாவது சரியாக 12 கார்பன். 8, 10 கார்பன் அமிலங்கள் இரண்டும் சேர்ந்து 15 சதவீத அளவில்தான் இருக்கும். மிச்சத்தில் பெரும்பகுதி 14 கார்பனும் அதற்கு மேலும். நல்லெண்ணெயைவிடச் சற்று மென்மை என்று வேண்டுமானால் சொல்லலாம், லேசு என்று சொல்ல முடியாது.

இந்த வாதத்தில் எலிச் சோதனைகளை இழுப்பவர்களும் உண்டு. அதிகக் கொழுப்புத் தீவனம் தின்ற எலியின் கணையத்தில் ஒரு வாரத்துக்குள் லைபேஸ் கூடி, மாவுச்சத்தை உடைக்கும் அமைலேஸ் நொதி குறைகிறது. உண்மைதான். ஆனால் அது கணையம் எதைச் சேமிக்கிறது என்ற கணக்கு. ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு எவ்வளவு சுரக்கிறது என்பது வேறு கணக்கு. முதல் கணக்கில் லைபேஸைக் கூட்டுவதில் செக்ரிட்டின் என்ற இன்னொரு குடல் ஹார்மோனுக்கே பெரிய பங்கு. போதாததற்கு எலிக்குப் பித்தப்பையே கிடையாது, பித்தநீர் ஓயாமல் வடிந்துகொண்டிருக்கும். அதை வைத்து நாய்க்குத் தீவனம் எழுதக் கூடாது.

இன்னொரு வேடிக்கை: அதே கொழுப்பு செரிக்காமல் சிறுகுடலின் கடைசிப் பகுதி வரை போய்விட்டால், கணையச் சுரப்பு அடங்கிவிடுகிறது. மேலே முடுக்கும் பொருள் கீழே தடை போடுகிறது.

நோய் மாறினால் தீர்ப்பும் மாறும். நொதியே போதுமான அளவு சுரக்காத கணையக் குறைபாட்டுக்கு, அந்தக் காலத்தில் கொழுப்பைக் கண்ணை மூடிக்கொண்டு குறைத்தார்கள். இப்போது உணவோடு நொதிப்பொடி கலந்து, தேவைப்பட்டால் பி12 சேர்த்து, அந்தந்த நாய் தாங்கும் அளவுக்குக் கொழுப்பு விடுகிறார்கள்.

பக்கத்து வீட்டு நாய்க்கு அழற்சி. அந்த அம்மாவிடம் தேங்காய் எண்ணெய் வேண்டாம் என்று சொன்னேன். இப்போது அதற்குச் சோறும் தோல் நீக்கி வேகவைத்த கோழி நெஞ்சுக்கறியும். விருந்து நாளில் கொல்லைப்புறத்தில் கட்டிவிடுகிறார்கள். அன்று முழுக்கக் குரைக்கிறது.