எந்த ஊர் ஜூன்? – இணைய நூலகத்தை வைத்துப் பருவ காலம் நடத்திய அனுபவம்

ராதாபுரம் பக்கம் மாறுதலாகிப் போயிருக்கும் தோழி ஒருத்தி போன வாரம் கேட்டாள்: "பருவ காலங்கள் பாடத்துக்கு நீ இணைய நூலகத்தைத்தானே நம்பியிருக்கிறாய், உருப்படியாக இருக்கிறதா?" வாட்ஸ்அப்பில் ஆம் என்று அனுப்பவும் மனம் வரவில்லை, இல்லை என்று அனுப்பவும் மனம் வரவில்லை. அதனால்தான் இவ்வளவு நீளம்.

இணைய நூலகம் என்று நான் சொல்வது, கதைகளையும் பழைய நூல்களையும் இலவசமாகப் படிக்கத் தரும் தளங்களை. கணக்குத் தொடங்குவது, கதையை இறக்குவது, வாசிப்புப் படிநிலை பார்த்துத் தேர்ந்தெடுப்பது எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். நாங்குநேரி வட்டாரத்தில் ஒரு நடுநிலைப் பள்ளி, மூன்று முதல் ஐந்து வரை என் பொறுப்பு. சில ஆண்டுகளாக இந்தத் தளங்களோடு மல்லுக்கட்டுகிறேன்.

முதலில் எரிச்சலைக் கொட்டிவிடுகிறேன். நான் அதிகம் திறக்கும் படக்கதைத் தளத்தின் பெயரை எழுதப்போவதில்லை. இலவசமாகக் கொடுப்பவர்களைப் பெயர் சொல்லித் திட்டுவது மரியாதையில்லை. ஜூன் பிறந்ததும் அதன் முன்பக்கத்தில் மழை தொடங்கிவிடும். மஞ்சள் மழைக்கோட்டு, காகிதக் கப்பல், குட்டையில் குதிக்கும் ரப்பர் பூட்ஸ். பெரும்பாலும் வேறு மொழியில் எழுதப்பட்டுத் தமிழுக்கு வந்த கதைகள். மும்பைக்கு அது சரி, கொச்சிக்கும் சரி. தென்மேற்குப் பருவமழை அங்கே அப்போதுதான் இறங்குகிறது. குற்றாலத்தில்கூடச் சாரல் விழும். அந்த மேகம் மலையைத் தாண்டி நாங்குநேரிக்கு வரும்போது அதில் ஒன்றும் மிச்சமிருப்பதில்லை. எங்களுக்கு வருவது காற்றும் புழுதியும்.

ஒரு ஜூன் மாதம், பள்ளி திறந்த அன்றே மழையும் வந்துவிடுகிற கதை ஒன்றைத் திரையில் போட்டுப் படித்துக்கொண்டிருந்தேன். ஜன்னல் கதவு படார் படார் என்று அடித்துக்கொண்டிருந்தது. கொக்கி மாட்டப் போன நான்காம் வகுப்புப் பையன், கண்ணில் விழுந்த மண்ணைக் கசக்கிக்கொண்டே திரும்பினான். திரையைப் பார்த்தான். "டீச்சர், இது எந்த ஊர் ஜூன்?" என்றான். வகுப்பே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது, அந்த ஆண்டு. அடுத்த ஆண்டும் அதே மஞ்சள் மழைக்கோட்டு முன்பக்கத்தில் நின்றபோது வரவில்லை.

ஐப்பசியில் எங்களுக்கு உண்மையாகவே மழை பிடிக்கும்போது தளம் இலையுதிர் காலத்துக்குப் போயிருக்கும். சிவந்த மேப்பிள் இலைகள். மார்கழியில் பனிமனிதன். தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான் பெய்கிறது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பக்கத்து மாவட்டத்துக் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்துக்குள் 95 சென்டிமீட்டர் கொட்டித் தீர்த்தது. தாமிரபரணி கரை உடைத்துத் திருநெல்வேலி ஊருக்குள் புகுந்தது. அதைக் கண்ணால் பார்த்த பிள்ளைகளிடம், டிசம்பர் என்றால் கம்பளிக் குல்லாய் போட்ட பனிமனிதன் என்று எந்த முகத்தோடு காட்டுவது? (மழைப் பாடம் நடத்த மிகப் பொருத்தமான நாளில் கலெக்டர் விடுமுறை விட்டுவிடுவார், கரண்டும் போய்விடும். அதற்குத் தளத்தைக் குறை சொல்லக் கூடாது, சொல்லவும் இல்லை.)

என்னை மிகவும் உறுத்துவது காற்று. தளத்தில் பருவம் என்று போனால் கோடை, மழை, குளிர், வசந்தம், இலையுதிர் என்று அடுக்கு அடுக்காக இருக்கிறது. காற்றுக்கென்று ஓர் அடுக்கு இல்லை. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் பாய்கிற காற்றை நம்பித்தான் முப்பந்தலிலும் பணகுடியிலும் ராதாபுரத்திலும் அத்தனை காற்றாலைகள் நிற்கின்றன. களக்காட்டுப் பக்கம் குலை தள்ளிய வாழைக்கு முட்டுக் கொடுப்பது இந்தக் காற்றுக்குப் பயந்துதான். எங்கள் பிள்ளைகளின் ஆண்டில் நான்கு மாதம் காற்று. நூலகத்தின் ஆண்டில் அது ஒரு பக்கம்கூட இல்லை. பனைக்கும் அதே கதிதான். பதநீர், நுங்கு என்று தேடினால் தென்னை மரம் வந்து நிற்கிறது.

பொறுக்க முடியாமல் நானே ஒன்று செய்தேன். அந்தத் தளத்தில் இருக்கும் படங்களை எடுத்து நம் சொந்த வரிகளைப் போட்டுப் புதுக்கதை செய்யலாம். உரிமம் அப்படித் திறந்திருக்கிறது. இதை நான் மனதாரப் பாராட்டுகிறேன், வேறு எந்தப் பாடநூல்காரரும் இப்படிக் கை வைக்க விடமாட்டார். மழைக் கதையிலிருந்து, குடை மடங்கிப் பறக்கும் படத்தை எடுத்தோம். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் வரி சொன்னார்கள்: முருங்கைக் கிளை முறிந்தது, ஓலை பறந்தது, கொடியில் காயப்போட்ட சட்டை அடுத்த தெருவில் கிடந்தது. வெளியிட்டோம். முதல் கருத்து வெளியூர் வாசகர் ஒருவருடையது: "குடை இருக்கிறதே, மழை எங்கே?"

பறவைகளுக்கு மட்டும் வேறு வழி கிடைத்தது. பறவை பார்ப்பவர்கள் தாங்கள் கண்டதைப் பதிவிடும் இபேர்ட் தளத்தை நூலகம் என்று சொல்ல முடியாது, ஆனால் எங்கள் பக்கத்துப் பறவைகள் சரணாலயமான கூந்தன்குளத்தில் எந்தப் பறவை எந்த மாதத்தில் பதிவாகியிருக்கிறது என்பதைப் பட்டைப் பட்டையாகக் காட்டிவிடுகிறது. மத்திய ஆசியாவிலிருந்து இமயத்தைத் தாண்டி வரும் வரித்தலை வாத்துக்குக் குளிர்காலத்தில் பட்டை இருக்கும், ஆடியில் வெற்றிடம். அந்த வெற்றிடத்தை விரலால் தொட்டுக் காட்டினால் வலசை என்றால் என்ன என்று தனியாக விளக்க வேண்டியதில்லை. பறவைகள் மிரளும் என்று தீபாவளிக்கு அந்த ஊரில் வெடி போடுவதில்லை என்ற செய்தியைப் பிள்ளைகளே கொண்டுவந்து சேர்த்தார்கள்.

நான் எதிர்பார்க்காத மகிழ்ச்சி, பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து இலவசமாக இணையத்தில் வைத்திருக்கும் மதுரைத் திட்டத்தில் கிடைத்தது. 1998 பொங்கலன்று தன்னார்வலர்கள் தொடங்கியது. படம் கிடையாது, அலங்காரம் கிடையாது, வெறும் எழுத்து. அதனால்தான் சிக்னல் ஒரு கோடு இருந்தாலும் திறக்கிறது. வேண்டிய சொல்லைப் போட்டால் நேராக அந்த வரிக்கே போய் நிற்கிறது. பழைய புத்தகங்களைப் படம் பிடித்து வைத்திருக்கும் மின்னூலகங்களில் ஒரு பாட்டைத் தேடி முந்நூறு பக்கம் புரட்டியவர்களுக்கு இதன் அருமை புரியும்.

அங்கே உழவர் வாழ்வைப் பாடும் முக்கூடற்பள்ளு இருக்கிறது. தாமிரபரணியும் சிற்றாறும் கூடும் சீவலப்பேரிப் பக்கத்துப் பாட்டு, எழுதியவர் பெயர் தெரியாது. அதில் வெள்ளம் வரப்போவதற்கான குறிகளைச் சொல்லும் ஒரு பாட்டை மட்டும் எடுத்தேன். (அதில் வரும் பள்ளனின் இரண்டு மனைவியர், மூத்தவளும் இளையவளும், ஏசிக்கொள்ளும் பகுதியை வகுப்பில் திறக்கவில்லை, திறக்கவும் மாட்டேன்.) மலையாள மின்னல், ஈழ மின்னல், சுற்றியடிக்கும் காற்று, கேணித் தவளையின் கூப்பாடு, சேற்று நண்டு வளையை அடைப்பது. மலையாளம் எந்தப் பக்கம் என்றேன், மலையைக் காட்டினார்கள். ஈழம் எந்தப் பக்கம் என்றேன், கொஞ்சம் யோசித்துக் கடலைக் காட்டினார்கள். மேற்கே ஒரு மழை, கிழக்கே ஒரு மழை என்று கரும்பலகையில் இரண்டு அம்புக்குறி போட்டால் இரு பருவக்காற்றும் முடிந்தது.

நண்டு வரிக்கு ஒரு பெண் எழுந்து, வரப்பில் நண்டு வளையை அடைத்தால் மடையைத் திறந்துவிட வேண்டும் என்று தன் தாத்தா சொல்வார் என்றாள். உடனே இன்னொருத்தி, எறும்பு முட்டை தூக்கினால் மழை என்று ஆச்சி சொல்வாள் என்றாள். தட்டான் தாழப் பறப்பது, ஈசல் கிளம்புவது என்று பட்டியல் நீண்டது. மணி அடித்தும் ஒருவரும் எழவில்லை. பல வண்ணப் படக்கதைகள் எதுவும் இதைச் செய்ததில்லை.

ஆகவே தோழிக்கு என் தீர்ப்பு: பருவ பாடத்துக்கு அந்தப் படக்கதைத் தளம் வேண்டாம். வாசிப்புப் பழக்கத்துக்கு வைத்துக்கொள், பிள்ளைகள் விழுங்கி விழுங்கிப் படிக்கிறார்கள், என் வகுப்பில் எழுத்துக் கூட்டத் தடுமாறியவர்கள் சிலர் அதில்தான் தேறினார்கள். மழைக் கதை வேண்டுமென்றால் ஜூனிலேயே இறக்கிப் பென் டிரைவில் போட்டுவை, ஐப்பசியில் எடு. அப்போது தேடினால் கிடைக்காது.

மதிப்பெண் கேட்டிருந்தாள். ஐந்துக்கு இரண்டு. என்னைப் போலத் தினமும் திறக்கிற ஒருத்தி இரண்டு போடுவது நியாயமில்லைதான். நேற்றுதான் ஆடி பிறந்தது, மேற்கூரைத் தகரம் ஒன்று பெயர்ந்து தொங்குகிறது, தளத்தில் இன்னும் அதே மஞ்சள் மழைக்கோட்டு. இரண்டுதான்.