பூங்கா ஓரத்து கார் வரிசையை எடுக்கலாமா? ஊரைக் கேட்க ஐந்து வழிகள்

பூங்காவை ஒட்டி ஒரு தெரு. ஓரத்தில் 30 கார்கள் நிற்கும் வரிசை. காருக்கு 6 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம் என்று வைத்தால் 360 சதுர மீட்டர் நிலம். அதை நடைபாதையோடு சேர்த்து, மரம் நட்டு, இருக்கை போடலாமா என்பது கேள்வி.

இந்தக் கேள்வியை ஊரிடம் கேட்க ஐந்து வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன: கருத்துக்கேட்புக் கூட்டம், இணையக் கருத்துக் கணிப்பு, தெருவில் நின்று எண்ணுவது, தற்காலிகமாகச் செய்து பார்ப்பது, வாக்கெடுப்பு. ஒரே தெருவுக்கு ஐந்தும் ஐந்து விதமான விடை தரும், ஏனென்றால் ஒவ்வொன்றிலும் பதில் சொல்லும் ஆள் வேறு. எனவே எந்த வழி எந்தக் கேள்வியைத் தாங்கும் என்று பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

கருத்துக்கேட்புக் கூட்டம்

சட்டம் கட்டாயமாக்குவது பெரும்பாலும் இதைத்தான், அதனால் பல ஊர்களில் நடக்கிறது. வார நாள் மாலை ஆறு மணிக்கு, இரண்டு மணி நேரம் ஒதுக்கி, மைக் முன்னால் வரிசையில் நிற்கக்கூடியவர் யார்? குழந்தை வைத்திருப்பவரோ, இரவுப் பணிக்குப் போகிறவரோ, வாடகைக்கு வந்து ஆறு மாதமே ஆனவரோ இல்லை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வீட்டுத் திட்டங்கள் பற்றிய கூட்டங்களின் பதிவுகளை பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அலசினார்கள். பேசியவர்களில் வயதானவர்கள், ஆண்கள், சொந்த வீட்டுக்காரர்கள் ஆகியோரின் பங்கு ஊரில் அவர்களுக்குள்ள பங்கைவிட அதிகம். பேச்சில் பெரும்பகுதி எதிர்ப்பு.

அதற்காகக் கூட்டத்தைக் கைவிட வேண்டியதில்லை. எண்ணிக்கையில் சிக்காத தகவல் இங்கேதான் கிடைக்கும்: எந்த மழையில் எந்த மூலையில் தண்ணீர் நிற்கிறது, எந்த விளக்கு எரிவதே இல்லை, பள்ளி விடும் நேரத்தில் எந்தப் பக்கம் கால் வைக்க முடியாது. ஆதரவு எத்தனை, எதிர்ப்பு எத்தனை என்று கை தூக்கச் சொல்லி எண்ணும் நிமிடத்தில்தான் கூட்டம் பயனற்றுப் போகிறது.

நடத்தும் முறையை மாற்றினாலே பாதிச் சிக்கல் தீரும். மைக்கை எடுத்துவிட்டு, மேசைக்கு எட்டுப் பேர், ஒரு ஒருங்கிணைப்பாளர், ஒரு குறிப்பெடுப்பவர் என்று பிரிக்கவும். மேசையில் ஏ0 தாளில் 1:200 அளவில் வரைபடம். நம் 180 மீட்டர் வரிசை அதில் 90 சென்டிமீட்டராக விழும். ஒவ்வொரு கடை வாசலும் மரமும் தெரியும். 1:1000 வரைபடத்தை விரித்தால் மக்கள் தெருவைப் பற்றிப் பேச மாட்டார்கள், அரசியல் பேசுவார்கள். பச்சை, சிவப்பு ஒட்டிகளைக் கொடுத்து நேராகப் பெரிய தாளில் ஒட்டச் சொல்வதும் தவறு: முதல் ஐந்து ஒட்டி விழுந்த இடத்திலேயே மற்றதும் விழும். முதலில் தனித்தனி ஏ3 தாளில் குறிக்கச் சொல்லி, பிறகு மேசைத் தாளுக்கு மாற்ற வேண்டும்.

கணினியில் வரைந்த வண்ணப் படங்கள் இன்னொரு பொறி. அவற்றில் மரங்களுக்கு எப்போதும் இருபது வயது, வானம் எப்போதும் நீலம். நடும் நாளில் கன்று எந்த உயரமோ அதே உயரத்தில் வரைந்து காட்டினால்தான், பிறகு "ஏமாற்றிவிட்டார்கள்" என்ற பேச்சு எழாது. எது ஏற்கெனவே முடிவாகிவிட்டது, எது இன்னும் திறந்திருக்கிறது என்பதையும் முதல் ஐந்து நிமிடத்திலேயே சொல்லிவிட வேண்டும். முடிவானதை மறைத்துக் கருத்துக் கேட்டால் அடுத்த கூட்டத்துக்கு ஆள் வராது.

இணையக் கருத்துக் கணிப்பு

மலிவு, வேகம், பெரிய எண்ணிக்கை. அந்தப் பெரிய எண்ணிக்கைதான் ஆபத்து. ஊரிலிருந்து குலுக்கல் முறையில் எடுத்த 400 பேர் பதில் சொன்னால் பிழை வரம்பு (ஊரின் உண்மைக் கருத்திலிருந்து விடை விலகக்கூடிய அளவு) சுமார் 5 சதவீதம் என்று கணக்குச் சொல்ல முடியும். இணைப்பைப் பார்த்துத் தாமாக வந்து சொடுக்கிய 4,000 பேருக்கு அப்படி ஒரு வரம்பே கிடையாது. அந்த இணைப்பு எந்த வாட்ஸாப் குழுவில் சுற்றியது என்பதைத்தான் அந்த 4,000 அளக்கிறது.

கேள்வி அமைப்பிலும் கோளாறு மலிந்து கிடக்கிறது. "பசுமையான, பாதுகாப்பான தெரு வேண்டுமா?" என்றால் யார் வேண்டாம் என்பார்? "கார் நிறுத்துமிடத்தை அகற்றுவதை ஆதரிக்கிறீர்களா?" என்றால் இழப்பு மட்டும் கண்ணில் படும். இரண்டும் ஒரே திட்டத்தைப் பற்றிய கேள்விதான். விலையையும் பொருளையும் சேர்த்து வைக்க வேண்டும்: "30 கார் இடத்தை எடுத்தால் 15 மரமும் 40 இருக்கையும் வரும், காரில் வருகிறவர் அடுத்த தெருவிலிருந்து மூன்று நிமிடம் நடக்க வேண்டியிருக்கும். முழுதாக எடுக்கலாமா, பாதி எடுக்கலாமா, அப்படியே விடலாமா?" நடுவில் ஒரு தேர்வு இருப்பது முக்கியம். ஆம், இல்லை என்ற இரண்டை மட்டும் வைத்தால் பாதிப்பேர் எதிரணிக்குத் தள்ளப்படுவார்கள்.

வயது, பாலினம், வாடகையா சொந்த வீடா, தெருவை எதற்குப் பயன்படுத்துகிறார் என்ற நான்கு விவரங்கள் போதும். இவற்றை மக்கள்தொகைக் கணக்கோடு ஒப்பிட்டால் யார் விடுபட்டார்கள் என்று தெரியும். தெரிந்ததும் கணிப்பை நீட்டிக்காமல், விடுபட்டவர் இருக்கும் இடத்துக்குத் தாளோடு ஆள் அனுப்ப வேண்டும். வரைபடத்தில் புள்ளி வைத்துக் குறை சொல்லும் வகை இணையப் படிவம் மட்டும் பெரும்பாலும் உருப்படியாக இருக்கும். ஒரே குறுக்குச் சந்தியில் அறுபது பேர் புள்ளி வைத்தால், அவர்கள் குலுக்கலில் வந்தவர்களோ இல்லையோ, அந்தச் சந்தியைப் போய்ப் பார்த்தே ஆக வேண்டும்.

தெருவில் நின்று எண்ணுவது

ஐந்தில் மிகவும் குறைத்து மதிக்கப்படுவது இதுதான். கருத்தைக் கேட்காமல், மக்கள் காலால் சொல்வதைப் பதிவு செய்யும் முறை. டென்மார்க் கட்டடக் கலைஞர் யான் கெல் 1960களிலிருந்து கோபன்ஹேகனில் செய்தது இது. நியூயார்க்கில் நகர ஆய்வாளர் வில்லியம் எச். வைட் 1970களில் சிறு திடல்களில் கேமரா வைத்துப் பார்த்தார். ஒரு திடல் நிரம்புவதற்கும் காலியாகக் கிடப்பதற்கும் கட்டட அழகைவிட உட்கார இடம் இருக்கிறதா என்பதே பெரிய காரணம் என்று கண்டார். அதையொட்டி 1975இல் நியூயார்க் விதி திருத்தப்பட்டது: திடலின் 30 சதுர அடிக்கு ஓர் அடி நீளம் உட்காரும் இடம்.

முறை எளிது. தெருவின் குறுக்கே ஒரு கற்பனைக் கோடு. அதைக் கடப்பவர்களை மணிக்குப் பத்து நிமிடம் எண்ணி ஆறால் பெருக்கவும். மூன்று இடங்களுக்கு அரை மணி நேரம். மீதியில் ஒரு சுற்று நடந்து, நிற்பவர், உட்கார்ந்தவர், விளையாடும் குழந்தை, வியாபாரம் செய்பவர் எல்லாரையும் வரைபடத்தில் வெவ்வேறு குறிகளாகப் போட வேண்டும். காலை 8 முதல் இரவு 10 வரை, ஒரு வேலை நாள், ஒரு விடுமுறை நாள். ஆளுக்கு ஏழு மணி நேரப் பணி என்று வைத்தால் நாளுக்கு இரண்டு பேர், மொத்தம் 28 மனித மணிநேரம். மழை நாளும் திருவிழா நாளும் கூடாது. முதல் ஒரு மணி நேரம் இருவரும் சேர்ந்து எண்ணி எண்ணிக்கை ஒத்துப்போகிறதா என்று பார்க்காவிட்டால், பிறகு வரும் வேறுபாடு தெருவுடையதா எண்ணியவருடையதா என்று யாராலும் சொல்ல முடியாது.

கார் வரிசைக்குத் தனிக் கணக்கு உண்டு. அரை மணிக்கு ஒருமுறை நடந்து, நிற்கும் வண்டிகளின் எண்ணில் கடைசி நான்கு இலக்கத்தைக் குறித்துக்கொண்டு வர வேண்டும். மாலையில் தாளைப் பார்த்தால் கதை தெரியும்: 30 இடத்தில் நாள் முழுக்க 200 வண்டிகள் மாறி மாறி வந்தனவா, அல்லது காலை ஒன்பதுக்கு வந்த 22 வண்டிகள் இரவு எட்டு வரை அசையவே இல்லையா. இரண்டாவது என்றால் அந்த இடம் வாடிக்கையாளருக்குப் பயன்படவில்லை. பல நேரம் அங்கே நிற்பது கடைக்காரர்களின் வண்டிகளேதான்.

"கார் நிறுத்த முடியாவிட்டால் வியாபாரம் படுத்துவிடும்" என்பது எல்லாக் கூட்டத்திலும் ஒலிக்கும் குரல். பொய் சொல்கிறார்கள் என்று எண்ண வேண்டாம், அவர்களுக்கு அப்படித்தான் தெரிகிறது. பெர்லினில் இரண்டு கடைத்தெருக்களில் நடந்த ஓர் ஆய்வு 2021இல் வெளியானது. வாடிக்கையாளரில் சுமார் 22 சதவீதம் பேர் காரில் வருவதாக வணிகர்கள் நினைத்தார்கள். வாடிக்கையாளரிடமே கேட்டபோது வந்தது சுமார் 7 சதவீதம். நிறுத்த இடமில்லை என்று புலம்புகிற ஒரு வாடிக்கையாளர் மனதில் நிற்பார். நடந்து வந்து பேசாமல் வாங்கிப்போகும் பத்துப் பேர் நிற்க மாட்டார்கள். இந்த எண்ணை உள்ளூரில் எடுத்துக் கையில் வைத்துக்கொண்டால் கூட்டத்தின் பேச்சே வேறு திசையில் போகும்.

எதில் வருகிறார்கள் என்று வழிப்போக்கரைக் கேட்கும்போது, முகம் பார்த்து ஆள் பிடிக்கக் கூடாது. கோட்டைக் கடக்கும் ஒவ்வொரு பத்தாவது ஆளையும் நிறுத்த வேண்டும். இல்லையேல் சிரித்த முகக்காரர்களின் கருத்து மட்டும் சேரும். மறுத்தவர் எத்தனை, அவர்கள் ஆணா பெண்ணா என்பதையும் எழுதிக்கொள்ள வேண்டும்.

இந்த முறையின் பெரிய ஓட்டை: வராதவரை எண்ண முடியாது. இரவு எட்டுக்குப் பிறகு தெருவில் பெண்களின் பங்கு சட்டென்று இறங்குவது தாளில் தெரியும். ஏன் என்பது தெரியாது. சக்கர நாற்காலியில் ஒருவர்கூட வரவில்லை என்றால், ஊரில் அப்படி யாரும் இல்லை என்று பொருளாகாது. வராதவர் இருக்கும் இடத்துக்கே போய்க் கேட்கத்தான் வேண்டும்.

செய்து பார்ப்பது

இன்னும் இல்லாத ஒன்றைப் பற்றி மக்கள் சொல்லும் கருத்து பெரும்பாலும் பயத்தின் கருத்து. ஸ்டாக்ஹோமில் நகர மையத்துக்குள் வரும் வண்டிகளுக்கு நெரிசல் கட்டணம் என்றபோது பெரும்பான்மை எதிர்த்தது. 2006 ஜனவரி முதல் ஜூலை இறுதிவரை சோதனையாக நடத்தினார்கள். போக்குவரத்து ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. செப்டம்பரில் வாக்கெடுப்பு வைத்தபோது நகரவாசிகளில் பாதிக்குச் சற்று மேல் ஆதரவு. நியூயார்க்கின் டைம்ஸ் சதுக்கத்தில் 2009 மே மாதம் பிராட்வே சாலையின் ஒரு பகுதியை வண்டிகளுக்கு மூடினார்கள். வர வேண்டிய இருக்கைகள் வராததால் மலிவான மடக்கு நாற்காலிகளைப் போட்டார்கள். மறு ஆண்டு அது நிரந்தரமானது.

நம் தெருவில் செய்வதென்றால் வண்ணப்பூச்சு, கனமான செடித்தொட்டிகள், நகர்த்தக்கூடிய நாற்காலிகள் போதும். கெட்டுப்போவது சின்ன விஷயங்களில்தான். கார் வரிசை சாலை மட்டத்தில் இருக்கும். நடைபாதை 15 சென்டிமீட்டர் மேலே. சரிவுப்பலகை போடாவிட்டால் சக்கர நாற்காலிக்காரருக்குப் புது இடம் கண்ணுக்கு மட்டும்தான். 1:12 சரிவு என்றால் 1.8 மீட்டர் நீளம் வேண்டும். 2 மீட்டர் அகலத்தில் குறுக்கே வைத்தால் திரும்ப இடமிருக்காது, வரிசையின் நீளவாக்கில் வைக்க வேண்டும். தொட்டிகளை நடைபாதை விளிம்போடு ஒட்டி வைத்தால் முதல் மழையிலேயே தண்ணீர் வடிகாலுக்குப் போகாமல் கடைக்குள் ஏறும். அத்தோடு சோதனையும் முடிந்தது. வெறும் வண்ணக்கோடு பார்வையற்றவரின் கைத்தடிக்குத் தெரியாது, வண்டிப் பக்கம் தடி தட்டும்படி தொடர்ச்சியான விளிம்பு வேண்டும். மீதிச் சாலையில் தீயணைப்பு வண்டி திரும்புமா என்று தீயணைப்புத் துறையை வரவழைத்து, வண்டியையே ஓட்டிப் பார்ப்பது நல்லது.

கால அளவு இரண்டு வாரம் என்றால் வேடிக்கை பார்க்க வந்தவர்களையே எண்ணுவோம். ஓட்டுநர்கள் வழி மாற்றிக்கொள்ளவே சில வாரம் ஆகும். மூன்று மாதமாவது வேண்டும். இடம் பெயர்ந்த கார்கள் சுற்றியுள்ள தெருக்களில் போய் அடைகின்றனவா என்பதையும் 300 மீட்டர் வட்டத்தில் எண்ண வேண்டும். எதிர்ப்பு பெரும்பாலும் அங்கிருந்துதான் வரும், நியாயமாகவே வரும். எந்த எண் எவ்வளவு ஆனால் வெற்றி, எது நடந்தால் கலைத்துவிடுவோம் என்பதைத் தொடங்கும் முன் எழுதி ஒட்டாவிட்டால், முடிவில் இரு தரப்பும் வென்றதாகச் சொல்லும். சோதனை என்று சொல்லிவிட்டுச் சத்தமில்லாமல் நிரந்தரமாக்குவதைவிட ஊரின் நம்பிக்கையைக் கெடுக்கும் வேலை வேறில்லை.

வாக்கெடுப்பு

30 கார் இடத்துக்கு இது மிகை. பெரிய, திரும்பப்பெற முடியாத முடிவுக்குப் பொருந்தும். பெர்லின் டெம்பல்ஹோஃப் விமான நிலையம் 2008இல் மூடப்பட்டு, 2010இல் திறந்தவெளியாக மக்களுக்கு விடப்பட்டது. சுமார் 300 ஹெக்டேர். விளிம்பில் கட்டடம் கட்டலாமா என்பதற்கு 2014 மே மாதம் வாக்கெடுப்பு. 64 சதவீதம் பேர் முழுத் திடலையும் அப்படியே விடச் சொன்னார்கள். நான்கு ஆண்டு நடந்து பழகிய இடம் என்பதால் வாக்காளருக்கு எதைக் காக்கிறோம் என்று தெரிந்திருந்தது. ஆனால் வாக்குச்சீட்டால் இருக்கையின் உயரத்தையோ விளக்குக் கம்பத்தின் இடத்தையோ முடிவு செய்ய முடியாது.

கையில் இருப்பது மூன்று மாதமும் நான்கு ஆட்களும் என்றால்

இணையக் கணிப்பை விட்டுவிடலாம், வரைபடப் புள்ளிப் படிவம் மட்டும் திறந்திருக்கட்டும். முதல் இரு வாரம் எண்ணுவதும் வண்டி எண் குறிப்பதும். மூன்றாம் வாரம் அந்தத் தாள்களோடு இரண்டு கூட்டம்: ஒன்று மாலையில், ஒன்று விடுமுறை நாள் காலையில் பூங்காவுக்குள்ளேயே. பிறகு வரிசையின் பாதியை, அதாவது 15 இடத்தை மட்டும், எடுத்து எட்டு வாரம் சோதனை. மூன்று மாதச் சோதனைக்கு இது ஈடாகாது. எடுக்காத பாதி பக்கத்திலேயே இருப்பதால் ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்பதே இதன் பலம். கடைசி வாரம் அதே கோடு, அதே கிழமை, அதே மணி என்று மறுபடி எண்ணி, வந்த ஒவ்வொரு எதிர்ப்புக்கும் எதிரே என்ன செய்தோம், செய்யாவிட்டால் ஏன் என்று எழுதிய பட்டியலை அந்தத் தெருவிலேயே ஒட்ட வேண்டும்.