புராஸ்டேட் ஆபரேஷன்: டி.யு.ஆர்.பி.யா, ஹோலெப் லேசரா?

நான் ஹோலெப் செய்துகொண்டவன். என் தராசு அந்தப் பக்கம்தான் சாயும், தெரிந்தே படியுங்கள்.

புராஸ்டேட் சுரப்பி பெருத்துச் சிறுநீரை அடைத்தது. சிறுநீர்ப் பாதையின் இறுக்கத்தைத் தளர்த்தும் டாம்சுலோசின் மாத்திரையில் இரண்டு வருஷம் ஓட்டினேன். அப்புறம் அதுவும் கைவிட்டது. இரவில் ஐந்து முறை எழுந்தேன். யூரோஃப்ளோமெட்ரி என்று, வேகத்தை அளக்க, புனல் வைத்த ஸ்டாண்டில் சிறுநீர் போகச் சொன்னார்கள். வெளியே நாலு பேர் காத்திருக்க, உள்ளே சொட்டுச் சொட்டாக விழுந்தது. உச்ச வேகம் நொடிக்கு 7 மில்லி. 10-க்குக் கீழே என்றால் பெரும்பாலும் அடைப்புதான். புற்றுநோய்ச் சந்தேகத்துக்காகப் பார்க்கும் பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனையில் பயப்பட ஒன்றுமில்லை. ஸ்கேனில் புராஸ்டேட் 95 கிராம். இருக்க வேண்டியது 20, 25.

இரண்டு ஆபரேஷனுக்கும் வயிற்றைக் கிழிப்பதில்லை, சிறுநீர்ப் பாதை வழியேதான் கருவி போகும். இரண்டிலுமே பெரும்பாலானோருக்கு அதன்பின் விந்து வெளியே வராமல் பின்னோக்கிச் சிறுநீர்ப்பைக்குள் போய்விடும். கூச்சப்படாமல் முன்கூட்டியே கேளுங்கள். கேட்காவிட்டால் சில டாக்டர்கள் சொல்வதில்லை.

என்னை முடிவெடுக்க வைத்தது சுரப்பியின் அளவு. டி.யு.ஆர்.பி. என்பது தேங்காய் மூடியை உள்ளிருந்து துருவுவது மாதிரி. மின்கம்பி வளையத்தால் சீவிச் சீவி எடுப்பார்கள். மூடி பெரிதானால் நேரமும் ரத்தப்போக்கும் கூடும், ஓட்டில் ஒட்டிய பருப்பும் மிஞ்சும். மிஞ்சியது வருஷங்கள் கழித்து வளர்ந்து மறுபடி அடைக்கலாம். ஹோலெப்பில் முற்றிய கொப்பரை ஓட்டை விட்டுக் கழல்வதுபோல, வளர்ந்த பகுதியை ஹோல்மியம் லேசரால் முழுசாகப் பெயர்த்து, சிறுநீர்ப்பைக்குள் தள்ளி, அங்கே பொடித்து உறிஞ்சி எடுக்கிறார்கள். அதனால் இன்னொரு முறை மேஜையில் படுக்க வேண்டிய வாய்ப்பு மிகக் குறைவு. 1990-களில் நியூசிலாந்தில் பீட்டர் கில்லிங் குழு உருவாக்கிய முறை இது. சுரப்பி எவ்வளவு பெரிதானாலும் செய்யலாம் என்பதுதான் இதன் பலம். 63 வயதில் எனக்கு அது போதும்.

டி.யு.ஆர்.பி. மட்டம் என்று சொல்லவில்லை. என் மைத்துனருக்கு 45 கிராம். பக்கத்து டவுனிலேயே அதைச் செய்துகொண்டு நன்றாக இருக்கிறார். அந்த அளவென்றால் நானும் கூடுதல் பணத்தை லேசருக்குக் கொடுத்திருக்க மாட்டேன். ஹோலெப் கற்றுக்கொள்ளக் கடினமான வேலை என்பதால், இதுவரை எத்தனை செய்திருக்கிறார் என்று டாக்டரிடம் நேராகவே கேட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை.

சரி, லேசரிலும் தொல்லை உண்டு. சிறுநீர் டியூப் எடுத்த பிறகு ஆறு வாரம், இருமினால் வேட்டி நனையும். மெல்ல மெல்லத்தான் நின்றது. ஆபரேஷன் ஆகி எனக்குப் பதினாலு மாதம்தான் ஆகிறது. பத்து வருஷக் கணக்கை என் உடம்பை வைத்துச் சொல்ல முடியாது.

கண்புரை ஆபரேஷன் பாக்கி இருப்பவர்களுக்கு ஒன்று. டாம்சுலோசின் சாப்பிட்டவர்களுக்கு அப்போது கண்ணின் கருவிழித்திரை (ஐரிஸ்) தொளதொளத்துப் போகலாம். மாத்திரையை நிறுத்தி நாளாகியிருந்தாலும் கண் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.