பித்தளை தாயக்கட்டை செட்: 400 தடவை உருட்டிப் பாத்துட்டு எழுதுறேன்

கோயில் தெருவுல ஒரு பாத்திரக் கடைல வாங்கினது, ரெண்டு கட்டை, கட்டம் போட்ட துணி, சோழி எல்லாம் சேத்து 380 ரூபா. துணி சுமார் ரகம், ஒரு தடவை துவைச்சதுமே சாயம் போச்சு. கட்டை நல்ல கனம், உள்ளங்கைல வச்சு தேய்ச்சு உருட்டுனா அந்த கிணுங் சத்தம் அருமை.

பிரச்சனை எங்க ஆரம்பிச்சதுன்னா, சித்திக்கு 10 உருட்டா தாயமே விழல, "கட்டைல ஏதோ இருக்குடா"ன்னு எந்திரிச்சு போயிட்டாங்க. இதுக்கெல்லாம் கட்டைய குத்தம் சொல்ல முடியாது, ஒவ்வொரு கட்டைலயும் வெறும், ஒன்னு, ரெண்டு, மூணுன்னு நாலு பக்கம், ரெண்டு கட்டையும் கூட்டி ஒன்னு வந்தா தாயம், அது 16க்கு 2 தான், 10 தடவையும் விழாம போறது நூத்துக்கு 26 தடவை நடக்கிற சமாச்சாரம். ஆனாலும் மனசு கேக்கல, ஒரு கட்டை நுனில நெயில் பாலிஷ் வச்சு அடையாளம் பண்ணி ரெண்டையும் 400 தடவை உருட்டிட்டேன். சித்தி தான் கோடு போட்டு எண்ணிக்கை எழுதினாங்க, "ஓட்டு எண்ற மாதிரி இருக்கு"ன்னு திட்டிக்கிட்டே.

நாலு பக்கத்துக்கும் தலா 100 வரணும். பாலிஷ் வைக்காத கட்டைல வெறும் பக்கம் 104, ஒன்னு 91, ரெண்டு 108, மூணு 97. வித்தியாசத்த ஸ்கொயர் பண்ணி 100ஆல வகுத்து கூட்டுனா 1.7, நாலு பக்கத்துக்கு 7.81 தாண்டுனா தான் சந்தேகப்படணும், அதனால இது சுத்தம். பாலிஷ் கட்டை அதே வரிசைல 81, 124, 78, 117. கூட்டுனா 17.1! ஒழுங்கான கட்டைல இப்படி வர ஆயிரத்துல ஒரு வாய்ப்பு கூட இல்ல.

பாலிஷ் கட்டைய வெர்னியர் அளவுகோல் வச்சு அளந்தேன், எதிரெதிரா இருக்கிற ஒன்னுக்கும் மூணுக்கும் நடுவுல 8.1 மிமீ, இன்னொரு ஜோடி பக்கத்துக்கு நடுவுல 8.7. தட்டையா இருக்கு, அகலமான பக்கத்துல படுக்கத்தானே செய்யும். நான் மேல ஸ்கொயர் பண்ணி கூட்டுன கணக்குக்கு கை-ஸ்கொயர்னு (chi-square) பேரு, இத 1900ல பியர்சன்ங்கிற புள்ளியியல் நிபுணர் கொண்டுவந்தப்ப அவர் எடுத்துக்கிட்ட உதாரணமே பகடை தான், வெல்டன்னு ஒரு பேராசிரியர் 12 பகடைய 26,306 தடவை உருட்டி வச்ச கணக்கு, அதுல 5ம் 6ம் கொஞ்சம் ஜாஸ்தி. 2009ல சிகாகோல ஒருத்தர் அதையே மெஷின் வச்சு உருட்டினப்ப 1ம் 6ம் தான் ஜாஸ்தி, பகடை அந்தப் பக்கமா துளி குட்டையா இருந்துச்சாம். நம்ம கட்டை கதையும் அதே தான்.

ஒன்னு கவனிங்க, ரெண்டு கட்டை கூட்டுத்தொகைய மட்டும் எழுதியிருந்தா இது தெரிஞ்சிருக்கவே வாய்ப்பு கம்மி. தாயம் விழுற கணக்கு கிட்டத்தட்ட அதே தான் இருக்கு, ரெண்டுலயும் வெறும் பக்கம் விழுற பன்னெண்டு மட்டும் 16க்கு ஒன்னுங்கிறது 20க்கு ஒன்னா குறையுது. தனித்தனியா எண்ணனும். எல்லாரும் அதே கட்டைய தான் உருட்டுறோம், அதனால யாருக்கும் அநியாயமும் இல்ல, சித்தி தோத்ததுக்கு இது காரணமே இல்ல (இத அவங்க கிட்ட சொல்லல).

கடைக்காரர் எண்ணிக்கை எழுதின தாள பாத்து சிரிச்சாரு, ஆனா பேசாம மாத்திக் குடுத்துட்டாரு. அதுக்காகவே அஞ்சுக்கு மூணரை ஸ்டார். புது ஜோடிய 60 தடவை தான் உருட்டிருக்கேன், அதுக்குள்ள சித்தி பிடுங்கி பீரோல வச்சு பூட்டிட்டாங்க.