“மைனஸ் முப்பதிலையும் ஓடும் அண்ணை”: ஹீற் பம்ப் பூட்டப் போகிறவர்கள் ஒருக்கால் வாசியுங்கள்

போன ஞாயிற்றுக்கிழமை மச்சான் போன் எடுத்தார். ‘இலவச எனர்ஜி ஓடிற்’, அதாவது வீட்டில் சூடு எங்கே வீணாகிறது என்று பார்க்கும் சோதனை, செய்ய ஒரு தமிழ்ப் பொடியன் வீட்டுக்கு வரப்போகிறானாம். எனக்கு வயிற்றைக் கலக்கியது. இதே சொல்லைச் சொல்லிக்கொண்டுதான் என் வீட்டுக்கும் ஒருத்தர் வந்து ஹீற் பம்ப் ஒன்றைத் தலையில் கட்டிவிட்டுப் போனார். வெளிக்காற்றில் இருக்கிற சூட்டை மின்சாரத்தால் இழுத்து வீட்டுக்குள் கொண்டுவரும் மெஷின் அது. ஆகவே வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். கொம்பனியின் பெயரைப் போடவில்லை. அதற்குள் இரண்டு தரம் பெயர் மாற்றிவிட்டார்கள், போட்டும் பிரயோசனமில்லை.

2022 ஒக்ரோபர் கடைசி. ரொறன்ரோ ஸ்காபரோவில் எங்கள் வீடு எண்பதுகளில் கட்டினது. வீட்டைச் சூடாக்கும் காஸ் பேர்னஸ் பூட்டி ஒன்பது வருடம்தான், ஒரு குறையும் இல்லை. வந்தவர் சப்பாத்தை வாசலில் ஒழுங்காக் கழற்றி வைத்தார். அம்மா போட்ட தேத்தண்ணியைக் குடித்தார். “பருத்தித்துறையோ அம்மா? என்ரை அப்பம்மாவும் அந்தப் பக்கந்தான்” என்றார். அதோடு அம்மா அவர் கட்சி.

நான் கேட்ட ஒரே கேள்வி, “தம்பி, இந்தக் குளிருக்கு இது வேலை செய்யுமோ?”

“மைனஸ் முப்பதிலையும் ஓடும் அண்ணை. நோர்வேயிலை வீட்டுக்கு வீடு இதுதான்.”

அவர் சொன்னது பொய் இல்லை என்பதுதான் இதில் சோகம். நோர்வேயிலும் பின்லாந்திலும் ஹீற் பம்ப் சாதாரணம். குளிர்நாட்டுக்கென்று செய்த மெஷின்கள் மைனஸ் 25, 30 வரைக்கும் ஓடும். ஆனால் நான் “ஓடுமா” என்று கேட்டேனே தவிர, “அந்தக் குளிரில் எவ்வளவு சூடு தரும்” என்று கேட்கவில்லை. அவர் ரப்லெற்றில் காட்டிய படமும் பின்னர் வந்து பூட்டிய மெஷினும் ஒன்றா என்றும் பார்க்கவில்லை.

மூன்றாம் நாளே ஆட்கள் வந்தார்கள். “இனி இது எதுக்கு?” என்று பேர்னஸைக் கழற்றி ட்ரக்கில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அதன் இடத்தில் ஒரு காற்றுப் பெட்டி, அதற்குள் 10 கிலோவாற் மின்சாரக் கொயில். வெளி மெஷினைக் கூரை விளிம்புக்கு நேர் கீழே, நிலத்தோடு நிலமாக ஒரு பிளாஸ்ரிக் தட்டில் வைத்தார்கள். ஸ்ராண்டில் உயர்த்தி வைக்க வேண்டும் என்று அப்போது எனக்கு எங்கே தெரியும்?

டிசம்பரில் முதல் பனி கொட்டியது. கூரையிலிருந்து உருகி வழிந்த தண்ணி மெஷினின் தலையில் விழுந்து கட்டியானது. ஒரு காலை அம்மா ஓடி வந்து, “டேய், வெளியிலை மெஷின் எரியுது, புகை வருது!” என்று கத்தினா. புகை இல்லை, நீராவி. வெளி மெஷினின் குழாய்களில் பனி படிந்தால் மெஷின் சில நிமிடம் தலைகீழாக ஓடி, வீட்டுச் சூட்டை எடுத்து அதை உருக்கும். அது இயல்பான விஷயம். ஆனால் அந்தத் தண்ணி வடிய இடமில்லாமல் தட்டிலேயே திரும்ப உறைந்து, விசிறி பனிக்கட்டியில் உரசத் தொடங்கியது. நான் கேத்திலில் சுடுதண்ணி கொண்டுபோய் ஊற்றி விடுவேன். ஒருநாள் இரண்டுநாள் இல்லை, அந்த விண்ரர் முழுக்க.

தெர்மோஸ்ராற்றில் ‘ஆக்ஸ்’ என்று ஒரு சின்ன எழுத்து எப்போதும் எரிந்துகொண்டிருந்தது. அழகுக்குப் போட்டது என்று நினைத்தேன். ஜனவரி பில் வந்த பிறகுதான் விளங்கியது. முந்தின வருடம் அதே மாதம் மின்சாரமும் காஸும் சேர்த்து 280 டொலர். இந்த முறை மின்சாரம் மட்டும் 487. ‘ஆக்ஸ்’ என்றால் ஹீற் பம்போடு சேர்ந்து கொயிலும் எரிகிறது என்று அர்த்தம். அது ஒரு பெரிய ரோஸ்ரர், வேறொன்றும் இல்லை.

பெப்ரவரி 3 இரவு ரொறன்ரோவில் குளிர் மைனஸ் 20ஐத் தாண்டியது. வெளி மெஷின் ஒரேயடியாக நின்றுவிட்டது. கொயில் தனியாக மூச்சுவாங்கி எரிந்தும் விடியப்புறம் வீட்டுக்குள் 16 பாகை. அம்மா குசினியில் அவணைத் திறந்து வைத்துக்கொண்டு ஜக்கெற்றோடு இருந்தா. கொம்பனிக்குப் போன் அடித்தால், “உங்கடை வீட்டுக்கு இன்சுலேசன் காணாது” என்றார்கள். அதற்கும் ஒரு பக்கேஜ் வைத்திருந்தார்களாம்.

காசு கொடுத்து வேறொரு மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். அவர் மெஷினின் பக்கத்தில் ஒட்டியிருந்த தகட்டைப் படம் எடுத்து, தயாரிப்பாளரின் அட்டவணையைப் போனில் திறந்து காட்டினார். 36,000 பிரியூ (ஒரு மணித்தியாலத்தில் தரும் சூட்டின் அளவு) என்று எனக்கு விற்றது வெளியில் 8 பாகை இருக்கும்போது தரும் சூடு. அதே மெஷின் மைனஸ் 15இல் தருவது 19,000. என் வீட்டுக்கு மைனஸ் 20இல் தேவை கிட்டத்தட்ட 42,000. அதை முறையாகக் கணக்கிட எஃப்280 என்று கனடாவில் ஒரு தரமே இருக்கிறது. சுவர், யன்னல், அற்றிக் எல்லாம் பார்த்துச் செய்யும் கணக்கு. எனக்கு வந்தவரோ வீடு எத்தனை சதுர அடி என்று மட்டும் கேட்டார், அதுவும் தேத்தண்ணி குடித்துக்கொண்டு. போதாக்குறைக்கு, வெளியில் 2 பாகை இருக்கும்போதே கொயில் எரியும்படி தெர்மோஸ்ராற்றை செற் பண்ணி விட்டிருந்தார்கள். மெக்கானிக் அதை மாற்ற எடுத்தது ஐந்து நிமிடம்.

காசு விஷயத்துக்கு வருகிறேன். நான் வாங்கவில்லை, வாடகைக்கு எடுத்திருக்கிறேன் என்பதே எனக்குப் பிறகுதான் தெரியும். மாதம் 159 டொலர், பத்து வருடம், வருடா வருடம் கூடும். “அரசாங்கம் 5,000 தரும்” என்றார்கள். அப்போதிருந்த கிரீனர் ஹோம்ஸ் மானியம் உண்மைதான். ஆனால் மெஷின் பூட்ட முதல் அரசாங்கம் பதிந்த ஆலோசகர் வந்து வீட்டை அளக்க வேண்டும். எங்களுக்குப் பூட்டி முடித்த பிறகு விண்ணப்பிக்கச் சொன்னார்கள். ஒரு சதம் வரவில்லை.

எங்கள் ஒன்ராறியோ மாகாணத்தில் 2018 மார்ச்சிலிருந்து வீடு வீடாக வந்து ஹீற்றிங், கூலிங் சாமான் விற்கத் தடை. நாமாகவே அழைத்தால் மட்டும் வரலாம். அந்த ரப்லெற்றில் ‘வாடிக்கையாளரே வரச் சொன்னார்’ என்ற பெட்டியில் அவரே சரி போட்டிருந்தார். நான் கீழே விரலால் கையெழுத்துக் கீறினேன். கையெழுத்து வைத்த ஒப்பந்தத்தின் பிரதி கிடைத்துப் பத்து நாளுக்குள் காரணமே சொல்லாமல் ரத்துச் செய்யலாம். ஒப்பந்தத்தில் சட்டப்படி இருக்க வேண்டியது இல்லாவிட்டால் ஒரு வருடம் வரை அவகாசம் உண்டு. நான் லோயரிடம் போனது பதின்மூன்றாம் மாதம்.

போனதும் தற்செயலாகத்தான். 2023 நவம்பரில் மோர்கேஜை வேறு வங்கிக்கு மாற்றப் போனால், வீட்டு உறுதியில் 19,800 டொலருக்கு ஒரு ‘நோசி’ பதிந்திருக்கிறது என்றார்கள். வாடகை மெஷினைக் காரணம் காட்டி வீட்டின் மேல் போடும் உரிமைப் பதிவு அது. அதை எடுக்காமல் வங்கி அசையாது. லோயர் கடிதம் எழுதி, பேரம் பேசி, கடைசியில் 11,000 கட்டி மெஷினை என் பெயருக்கு மாற்றினேன். ஏழு மாதம் கழித்து, 2024 ஜூன் 6, ஒன்ராறியோ அரசு இப்படி வீட்டுச் சாமான்களுக்குப் பதிந்த நோசிகளைச் செல்லாமல் ஆக்கிவிட்டது. அந்தச் செய்தியை நான் வேலைக்குப் போகும் வழியில் றேடியோவில் கேட்டேன். ஒரு விஷயம்: நோசி போனாலும் வாடகை ஒப்பந்தம் தானாகப் போகாது. அதற்குத் தனியாகத்தான் சண்டை பிடிக்க வேண்டும்.

அப்போ ஹீற் பம்பே வேண்டாமா என்று கேட்பீர்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். எண்ணெயில் அல்லது சுவரடி மின் ஹீற்றரில் வீடு சூடாக்குகிறவருக்கு நல்ல மெஷின் பெரிய இலாபம். காஸ் இருக்கிற வீட்டில்தான் கணக்குப் பார்க்க வேண்டும். நல்ல பேர்னஸில் ஒரு கியூபிக் மீற்றர் காஸ் சுமார் 10 யூனிற் (மின்சார பில்லில் வரும் அதே யூனிற்) சூடு தரும். காஸ் 40 சதம் என்று வைத்தால் சூடு யூனிற்றுக்கு 4 சதம். மின்சாரம் 12 சதம் என்றால், ஒரு யூனிற் மின்சாரத்துக்கு மெஷின் மூன்று யூனிற் சூடு தந்தால்தான் சமன். 8 பாகையில் தரும். மைனஸ் 15இல் நல்ல மெஷினே இரண்டைச் சுற்றித்தான் தரும். கொயில் ஒன்றுக்கு ஒன்று. 2025 ஏப்ரலில் காஸ் மீதான கார்பன் வரியையும் எடுத்துவிட்டதால் காஸ் பக்கம் இன்னும் மலிவு. உங்கள் பில்லில் உள்ள விலையைப் போட்டு நீங்களே கணக்குப் பாருங்கள்.

நான் இப்போது இன்னொரு 4,600 கட்டி பேர்னஸைத் திரும்பப் பூட்டியிருக்கிறேன். மைனஸ் 3 வரைக்கும் ஹீற் பம்ப், அதற்குக் கீழே காஸ். மெஷினை ஸ்ராண்டில் ஏற்றி, மேலே ஒரு சின்னக் கூரையும் போட்டாயிற்று. இலையுதிர் காலத்திலும் ஏப்ரலிலும் அருமையாக ஓடுகிறது, சத்தமே இல்லை. அம்மாவுக்கு இன்னும் அதில் நம்பிக்கை இல்லை, ஆவி வந்தால் யன்னலடிக்குப் போய் நின்று பார்ப்பா.

மச்சானிடம் மூன்று விஷயம் கேட்கச் சொன்னேன்: மெஷினின் முழு மொடல் இலக்கம், மைனஸ் 15இல் அது தரும் சூடு, வீட்டுக்குச் செய்த எஃப்280 கணக்கு. மூன்றும் தாளில் வேண்டும், பேர்னஸில் கை வைக்க விடாதே என்றும் சொன்னேன். பொடியன் “நாளைக்கு ஈமெயிலிலை அனுப்புறன் அண்ணை” என்றானாம். இன்றைக்கு வியாழன்.